அத்தியாயம் 7: வைரச் சான்றிதழை வாசிப்பது எப்படி?

"சர்டிஃபிகேட்டோட வர்ற கல்லுதான் சார்" என்று சொல்லி, கடை ஊழியர் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் ஓர் அட்டையை நீட்டுவார். பெரும்பாலான குடும்பங்கள் அதில் ஒரு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று, மண்டபம், புடவை, பந்தி என்று தலைக்கு மேல் வேலை. அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு விரல் அளவு எடுக்கப் போய்விடுகிறார்கள்.

அந்த அட்டையை வைத்து நீங்கள் செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. அது எந்த வகைக் காகிதம் என்று தெரிந்துகொள்வது ஒன்று. அதில் எழுதியிருப்பதை வாசிப்பது இரண்டாவது. அந்தக் காகிதம் இந்தக் கல்லுக்கு உரியதுதானா என்று பொருத்திப் பார்ப்பது மூன்றாவது. பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோமே, அதே வேலைதான். வண்டிக்குத் தவறாமல் செய்பவர்கள்கூட வைரத்துக்குச் செய்வதில்லை.

உங்கள் கையில் இருப்பது எந்தக் காகிதம்?

கடையில் "சர்டிஃபிகேட்" என்ற ஒரே சொல்லால் ஐந்து வெவ்வேறு பொருட்களைக் குறிப்பிடுகிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதலாவது, உதிரிக் கல்லுக்கான தர அறிக்கை. மோதிரத்தில் பதிப்பதற்கு முன், கல்லைத் தனியாக ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்கியது. ஒரு கல், ஒரு அறிக்கை, ஒரு எண். நிறத்துக்கு ஒரே எழுத்து, தெளிவுக்கு ஒரே தரம். அமெரிக்காவின் ஜிஐஏ நிறுவனம் நிறமற்ற வைரங்களுக்கு இந்த வகை அறிக்கையை மட்டுமே தருகிறது. நகையில் பதித்த கல்லை அது தரப்படுத்துவதில்லை.

இரண்டாவது, நகை அறிக்கை. மோதிரம் செய்து முடித்த பிறகு, கல் உள்ளே இருக்கும்போதே பார்த்து எழுதியது. நம் ஊர்க் கடைகளில் அதிகம் புழங்குவது இதுதான். இதில் "நிறம் ஈ-எஃப், தெளிவு விவிஎஸ்-விஎஸ்" என்று ஒரு வரம்பு இருக்கும். மோதிரத்தின் படமும் இருக்கும். கல்லைத் தங்கம் சூழ்ந்திருப்பதால் அதன் நிறத்தையோ ஓரங்களையோ முழுமையாகப் பார்க்க முடியாது. "பதித்த நிலையில் இயன்ற அளவு" என்று அறிக்கையே ஓர் ஓரத்தில் சொல்லிவிடும். மோதிரத்தில் பல கற்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரிதான்.

மூன்றாவது, கடையே அச்சிட்ட அட்டை. இது கடையின் வாக்குறுதி மட்டுமே. தரம் போட்டவரும் விற்பவரும் ஒருவரே.

நான்காவது, ஹால்மார்க். இது தங்கத்துக்கானது. 18 கேரட் என்றால் 750, 14 கேரட் என்றால் 585 என்ற எண்ணோடு, பிஐஎஸ் முத்திரையும் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யுஐடி குறியீடும் மோதிரத்தின் உட்புறம் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம். வைரத்தைப் பற்றி ஹால்மார்க் ஒரு சொல்லும் சொல்லாது.

ஐந்தாவது, "கிம்பர்லி சர்டிஃபிகேட் இருக்கு" என்று சிலர் சொல்வது. 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி ஏற்பாடு, நாடு விட்டு நாடு போகும் பட்டை தீட்டாத கற்களின் பொதிகளுக்கானது. உங்கள் மோதிரக் கல்லின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

என் பரிந்துரை: நடுக்கல் 30 சென்ட் (நூறு சென்ட் ஒரு கேரட்) அல்லது அதற்கு மேல் என்றால் முதல் வகை அறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள். சுற்றிலும் பதிக்கும் பொடிக் கற்களுக்கு நகை அறிக்கை போதும். ஐந்து சென்ட் கல்லுக்குத் தனிச் சான்றிதழ் கேட்பது வீண் செலவு.

ஆய்வகங்களைப் பற்றி இவ்வளவு போதும்

டி முதல் இசட் வரை நிறம் குறிக்கும் முறையை 1950களில் கொண்டுவந்தது 1931இல் தொடங்கிய ஜிஐஏ. அதற்குமுன் வியாபாரிகள் ஆளாளுக்கு ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றே வரிசையை டியில் தொடங்கினார்கள். ஐஜிஐ 1975இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் தொடங்கியது. இந்தியக் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது இதன் அட்டைதான். எச்ஆர்டி, எஸ்ஜிஎல் அட்டைகளும் வரும்.

இவற்றில் எதுவும் அரசு அமைப்பு அல்ல. தரம் என்பது பயிற்சி பெற்ற கண்கள் சேர்ந்து சொல்லும் கருத்து. ஒரே கல்லுக்கு இரண்டு ஆய்வகங்கள் ஒரு படி கூட்டியோ குறைத்தோ போடுவது நடக்கக்கூடியதுதான். அதனால் விலை ஒப்பிடும்போது ஒரே ஆய்வகத்தின் அறிக்கையுள்ள கற்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு கடையில் ஜிஐஏ, இன்னொரு கடையில் வேறொன்று என்று வைத்துக்கொண்டு "ரெண்டும் ஜி-விஎஸ்1தானே, இங்கே ஏன் விலை ஜாஸ்தி?" என்று கேட்டால் பதில் கிடைக்காது.

இன்னொன்று. எந்தத் தர அறிக்கையிலும் விலை இருக்காது. தங்கள் அறிக்கை விலை மதிப்பீடோ உத்தரவாதமோ அல்ல என்று ஜிஐஏ வெளிப்படையாகவே அச்சிடுகிறது.

அறிக்கையை வாசிக்கும் வரிசை

எல்லோரும் நேராக நிறத்துக்கும் தெளிவுக்கும் தாவிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. தலைப்பு. "நேச்சுரல் டைமண்ட்" என்று இருக்கிறதா, "லேபரட்டரி குரோன்" என்று இருக்கிறதா? முதலில் இது தெளிவாக வேண்டும். எழுத்து சிறியதாக இருந்தால் விரலை வைத்து வாசியுங்கள்.

2. எண்ணும் தேதியும். எண்ணை உங்கள் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். தேதி பல ஆண்டுகள் பழையது என்றால், கல் அதற்குப் பிறகு வேறு நகையில் இருந்து கழற்றப்பட்டிருக்கலாம், ஓரத்தில் சில்லுப் பெயர்ந்திருக்கலாம். பழைய தேதி குற்றம் அல்ல, கல்லின் விளிம்பை லூப் என்னும் உருப்பெருக்கியில் கூடுதல் கவனத்தோடு பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை.

3. வடிவமும் அளவும். வட்டக் கல் என்றால் "5.10 – 5.13 x 3.16 மி.மீ." என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். குறைந்த விட்டம், கூடிய விட்டம், உயரம். பலரும் தாண்டிச் செல்லும் இந்த வரியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கல்லை அடையாளம் காண உதவும் வரி இது.

4. எடை. ஒரு கேரட் 0.2 கிராம், அதாவது 200 மில்லிகிராம். நூறு சென்ட் ஒரு கேரட். தங்கத்தில் கேரட் என்பது தூய்மை, வைரத்தில் எடை. "18 கேரட், 0.52 கேரட்" என்று ஒரே சீட்டில் இரண்டும் வரும்போது தடுமாறாதீர்கள். ஜிஐஏ எடையைச் சுற்றி எழுதும் முறை கறாரானது. 0.998 கேரட் கல்லை அது 0.99 என்றே போடும். 0.999 ஆனால்தான் 1.00 ஆகும்.

5. நிறம். டி, ஈ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறத்தாழ நிறமற்றவை. கே முதல் மஞ்சள் சாயை மெல்லத் தெரியத் தொடங்கும். ஆய்வகத்தில் கல்லைத் தலைகீழாக வைத்து, மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டு இந்த எழுத்தைத் தருகிறார்கள். விரலில் போட்டு நேராகப் பார்க்கும்போது அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளை உங்களாலும் என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

6. தெளிவு. பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துப் போடுவது. எஃப்எல், ஐஎஃப், விவிஎஸ்1, விவிஎஸ்2, விஎஸ்1, விஎஸ்2, எஸ்ஐ1, எஸ்ஐ2, ஐ1, ஐ2, ஐ3 என்று இறங்கும். விஎஸ் வரை வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எஸ்ஐயில் கல்லுக்குக் கல் மாறும். ஐயில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

7. வெட்டு, மெருகு, சமச்சீர். வட்டக் கல்லுக்கு ஜிஐஏ 2006 முதல் வெட்டுக்கும் தரம் தருகிறது: எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர். மூன்றிலும் எக்ஸலன்ட் வாங்கிய கல்லைக் கடையில் "டிரிபிள் எக்ஸ்" என்பார்கள். ஓவல், பிரின்சஸ் போன்ற வடிவங்களுக்கு ஜிஐஏ அறிக்கையில் மெருகும் சமச்சீரும் மட்டுமே இருக்கும். அவற்றில் இரண்டு எக்ஸலன்ட் இருப்பதைக் காட்டி "கட்டும் எக்ஸலன்ட்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த வடிவங்களைக் கண்ணால் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

8. ஒளிர்வு. நன், ஃபெயின்ட், மீடியம், ஸ்ட்ராங், வெரி ஸ்ட்ராங். புற ஊதா ஒளி பட்டால் கல் எவ்வளவு ஒளிர்கிறது என்பது.

9. குறிப்புகள். கடைசியில், சிறிய எழுத்தில் இருக்கும். இதற்குத் தனியாக வருகிறேன்.

பாட்டியின் ப்ளூ ஜாகர்

"எங்க பாட்டி தோடு ப்ளூ ஜாகர், அந்த மாதிரி கல் வேணும்" என்று கேட்டு வரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெயின் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது இந்தப் பெயர். வெயிலில் நீலம் தட்டும் வெள்ளைக் கற்களை அப்படிச் சொன்னார்கள். அந்த நீலத்துக்குப் பெரும்பாலும் காரணம் மேலே எட்டாவதாகச் சொன்ன ஒளிர்வுதான். நம் பாட்டிமார் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய குணத்துக்கு இன்றைய சந்தை, குறிப்பாக டி முதல் எஃப் வரையான கற்களில், விலையைக் குறைக்கிறது. எந்தப் பெரிய ஆய்வகத்தின் தர வரிசையிலும் ப்ளூ ஜாகர் என்று ஒரு படி கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லி விலை ஏற்றினால், ஒளிர்வு என்ன என்று அறிக்கையில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

எச், ஐ, ஜே நிறக் கற்களில் மீடியம் நீல ஒளிர்வு இருந்தால் பகல் வெளிச்சத்தில் கல் சற்று வெளுப்பாகக்கூடத் தெரியலாம், விலையும் இறங்கும். ஸ்ட்ராங், வெரி ஸ்ட்ராங் என்றால் மட்டும் வாசல் வரை கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். சில கற்கள் எண்ணெய் படிந்ததுபோல் மங்கும். அப்படி மங்கினால் வேண்டாம்.

அறிக்கையின் அடிக்குறிப்புகள்

நல்ல கல்லையும் சுமாரான கல்லையும் ஒரே தரத்துக்குள் பிரித்துக் காட்டுவது இந்தப் பகுதிதான்.

பெரிய அறிக்கையில் கல்லின் வரைபடம் இருக்கும். உள்ளே இருக்கும் குறைகள் சிவப்பில், மேற்பரப்பில் இருப்பவை பச்சையில். பக்கத்தில் குறியீடுகளின் பட்டியல் இருக்கும். அதில் முதலில் வருவதுதான் பொதுவாகத் தரத்தை முடிவு செய்த குறை. சிறிய கற்களுக்கு ஜிஐஏ தரும் டோசியர் அறிக்கையில் வரைபடம் இருக்காது, குறைகளின் பெயர்கள் மட்டும் இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம், அந்த வகை அறிக்கையின் அமைப்பே அப்படித்தான்.

கிரிஸ்டல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்ட குட்டிப் படிகம். நிறமற்றதாக இருந்தால் தொந்தரவு இல்லை. கறுப்பாக, அதுவும் கல்லின் மேல்முகமான நடு மேசைப் பரப்புக்கு நேர்கீழே இருந்தால் கண்ணில் படும். வீட்டுப் பெரியவர்கள் "கரும்புள்ளி ஆகாது" என்று தள்ளுவதும் இதைத்தான். ஃபெதர் என்பது உள்விரிசல். நடுவில் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, விளிம்பைத் தொட்டால் கவனம். பதிக்கும்போது அழுத்தம் அங்கேதான் விழும். கேவிட்டி, சிப் இரண்டும் மேற்பரப்பில் பள்ளமோ பெயர்வோ இருப்பதைச் சொல்கின்றன. அன்றாடம் போடும் மோதிரத்துக்கு இவற்றைத் தவிர்க்கலாம்.

குறிப்புகளில் "கூடுதல் மேகங்கள் காட்டப்படவில்லை" என்ற பொருளில் ஒரு வரி அடிக்கடி வரும் (மேகம் என்பது நுண்புள்ளிகளின் திரள்). அது பொதுவாகத் தீங்கற்றது. அதன் உறவுபோல் தோன்றும் இன்னொரு வரி உண்டு: "தெளிவுத் தரம், காட்டப்படாத மேகங்களை வைத்துத் தரப்பட்டது." எஸ்ஐ1, எஸ்ஐ2 கல்லில் இந்த வரி இருந்தால் நின்று நிதானியுங்கள். கல் முழுவதும் மெல்லிய புகை படர்ந்திருக்கலாம். புள்ளி ஒன்றும் தெரியாது, ஆனால் கல் சோம்பலாக இருக்கும். அத்தகைய கல்லை நல்ல வெட்டுள்ள தெளிவான கல்லின் அருகில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

லேசர் துளையிடல், உயர் வெப்ப அழுத்த முறையில் நிறம் மாற்றல் போன்ற வார்த்தைகள் தென்பட்டால் அது செயற்கையாகச் சீர் செய்த கல். விலை கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும். விரிசலில் கண்ணாடி போன்ற பொருளை நிரப்பிய கற்களை ஜிஐஏ தரப்படுத்துவதே இல்லை. அந்த நிரப்பல் பட்டறைச் சூட்டுக்குத் தாங்காது.

எங்கே சேமிக்கலாம்?

நம் கடைகளில் "ஈஎஃப்-விவிஎஸ்" என்பது ஒரு மந்திரம்போல் ஆகிவிட்டது. நிச்சயதார்த்த மோதிரத்துக்கு அது அவசியம் இல்லை என்பதே என் கருத்து. கண்ணுக்குத் தெரியாத இரண்டு குணங்களுக்குப் பெரும்பணம் போய்விடுகிறது, கண்ணுக்குத் தெரியும் வெட்டுக்குப் பட்ஜெட் மிஞ்சுவதில்லை.

வட்டக் கல் என்றால் வெட்டு எக்ஸலன்ட், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மொத்த உயரம் விட்டத்தில் ஏறத்தாழ 60 முதல் 62.5 சதவீதம், மேசைப் பரப்பு 54 முதல் 58 சதவீதம் என்றால் பொதுவாக நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். உயரம் 64 சதவீதத்துக்கு மேல் போனால் எடை அடியில் ஒளிந்துகொள்ளும். கொடுத்த கேரட்டுக்கு உரிய அகலம் மேலே தெரியாது. நன்கு வெட்டிய ஒரு கேரட் வட்டக் கல் சுமார் 6.4 மி.மீ. விட்டம், அரை கேரட் 5.1 மி.மீ., 30 சென்ட் 4.3 மி.மீ. இருக்க வேண்டும்.

நிறத்தில் மஞ்சள் தங்க மோதிரத்துக்கு எச், ஐ தாராளமாகப் போதும். பிளாட்டினம் அல்லது வெள்ளைத் தங்கம் என்றால் ஜி, எச். தெளிவில் விஎஸ்2, அல்லது கண்ணுக்குச் சுத்தமான எஸ்ஐ1. எடையில் 0.50, 1.00 ஆகிய எண்களைத் தொட்டவுடன் கேரட்டுக்கான விலையே ஒரு படி தாவும். 0.47, 0.93 போன்ற கற்களைக் கேட்டுப் பாருங்கள். விரலில் வித்தியாசம் தெரியாது.

கடையில் சரிபார்க்கும் முறை

கூட்டமில்லாத வேளையாக, முடிந்தால் வார நாள் காலையில் போங்கள். கைபேசியில் சார்ஜ் இருக்கட்டும்.

1. ஆய்வகத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அறிக்கை எண்ணைப் போடுங்கள். அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை நம்பி ஸ்கேன் செய்யாதீர்கள். போலி அட்டையின் குறியீடு போலித் தளத்துக்குத்தான் போகும்.

2. திரையில் வரும் எடை, அளவுகள், நிறம், தெளிவு, ஒளிர்வு எல்லாவற்றையும் அட்டையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

3. கல்லைத் துடைத்துத் தரச் சொல்லுங்கள். கைரேகை எண்ணெய் பட்ட கல்லில் எதுவும் சரியாகத் தெரியாது.

4. பத்து மடங்கு லூப்பைக் கேட்டு வாங்குங்கள். லூப்பைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, கல்லை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். சுமார் இரண்டரை செ.மீ. தூரத்தில் தெளியும். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் ஆடாது. இரண்டு கண்களையும் திறந்து வையுங்கள்.

5. கல்லின் இடுப்புப் பகுதியில், அதாவது மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பில், லேசரால் பொறித்த எண்ணைத் தேடுங்கள். தெரியாவிட்டால் ஊழியரிடம் மைக்ரோஸ்கோப்பில் காட்டச் சொல்லுங்கள். பெரிய கடைகளில் இருக்கும்.

6. எண் பொருந்தியதோடு நிறுத்திவிடாதீர்கள். இயற்கைக் கல்லின் எண்ணை ஆய்வகத்தில் விளைந்த கல்லில் பொறித்து ஏமாற்றிய சம்பவங்களை ஜிஐஏ ஆய்வகமே கண்டுபிடித்திருக்கிறது. வரைபடத்தில் உள்ள ஒரு குறையையாவது கல்லில் அதே இடத்தில் பாருங்கள். டிஜிட்டல் கேஜில் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். உதிரிக் கல் என்றால் கேரட் தராசில் எடையும் போடலாம்.

7. கடைசியாக, கடையின் ஸ்பாட் லைட்டிலிருந்து விலகி, சாதாரண டியூப் லைட்டிலும் ஜன்னல் ஓரத்திலும் பாருங்கள். ஸ்பாட் லைட்டின் கீழே கண்ணாடித் துண்டும் ஜொலிக்கும்.

ஏற்கெனவே பதித்த வட்டக் கல்லின் எடையில் சந்தேகம் வந்தால் ஒரு கணக்கு உண்டு. சராசரி விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 0.0061ஆல் பெருக்குங்கள். மேலே சொன்ன அளவுகளுக்கு 5.115 x 5.115 x 3.16 x 0.0061 = 0.50 கேரட். அறிக்கை எடையோடு ஓரிரு சென்ட் வித்தியாசம் வரலாம். பத்து சென்ட் வந்தால் அது வேறு கல்.

செய்யக் கூடாதவை: கண்ணாடியில் கீறிப் பார்ப்பது, சுத்தியால் தட்டிப் பார்ப்பது, நெருப்பில் காட்டுவது. வைரம் கீறலைத் தாங்கும், ஆனால் தக்க இடத்தில் அடி விழுந்தால் பிளந்துவிடும். வாயால் ஊதிப் பார்ப்பது, செய்தித்தாள் எழுத்தின்மேல் வைத்துப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. பேனா வடிவ வைரச் சோதனைக் கருவியையும் அதிகம் நம்ப வேண்டாம். வெப்பத்தை மட்டும் அளக்கும் சாதாரணக் கருவி, வைரம்போல் தோன்றும் மாய்ஸனைட் கல்லையும் வைரம் என்றே சொல்லும். ஆய்வக வைரத்துக்கும் அதே பதில்தான், ஏனென்றால் அதுவும் வைரம்.

வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு

வைரம் நமக்கு ஒத்துவருகிறதா என்று சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் கல்லை எடுத்துச் செல்லும்போது அறிக்கை எண், எடை, தேதி மூன்றையும் எழுதிக் கடையின் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்குங்கள். திருப்பித் தரும்போது லூப்பில் எண்ணைப் பார்த்து, பெற்றுக்கொண்டதாக அவர்கள் கையெழுத்திட வேண்டும். "நான் கொடுத்த கல் இது இல்லை" என்ற பேச்சு இரண்டு பக்கமும் எழாமல் இருக்க இது ஒன்றே வழி.

பதிக்கக் கொடுக்கும்போதும் அதே ஒழுங்குதான். கொடுக்கும் முன் எண்ணைப் பாருங்கள், லூப் வழியாகக் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். மோதிரம் கைக்கு வந்ததும் மறுபடி பாருங்கள். பொறித்த எண்ணை பிராங் எனப்படும் பிடிக்கால் மறைக்காதபடி பதிக்கச் சொல்லலாம், ஆசாரிக்கு இது பெரிய வேலை இல்லை. பின்புறம் மூடிய பழைய பாணி அமைப்பு அழகுதான், ஆனால் தனிக் கல்லுக்கு வேண்டாம். பிறகு எவராலும் எதையும் சரிபார்க்க முடியாது. அறிக்கையில் இடுப்பின் தடிமன் "எக்ஸ்ட்ரீம்லி தின்" என்று இருந்தால் பதிக்கும்போதே ஓரம் பெயரும் ஆபத்து உண்டு, அந்தக் கல்லைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆய்வக வைரம் வாங்குவதானால்

சிவிடி, எச்பிஎச்டி என்ற இரண்டு முறைகளில் வளர்த்த கற்கள் இப்போது கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. போலி அல்ல, வேதியியல்படி வைரமே. பெரிய கல் வேண்டும், பட்ஜெட் சிறியது என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் முதலீடு என்று எண்ணி வாங்காதீர்கள். இவற்றின் விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வந்திருக்கிறது, திரும்ப விற்கப் போனால் கிடைப்பது சொற்பம்.

இவற்றுக்கான சான்றிதழிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் முதல் ஜிஐஏ, ஆய்வகக் கற்களுக்கு டி, ஈ, விவிஎஸ் என்ற தரங்களைப் புதிதாகத் தருவதில்லை. பிரீமியம், ஸ்டாண்டர்ட் என்று இரண்டே வகைகள்தான். ஐஜிஐ பழைய முறையிலேயே தரம் போடுகிறது. அதனால் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

பணம் கட்டும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

1. தங்கத்தின் நிகர எடை தனியாக, வைரத்தின் எடை கேரட்டில் தனியாக. மோதிரத்தின் மொத்த எடை 4.10 கிராம், வைரம் 0.50 கேரட் என்றால் வைரத்தின் எடை 0.10 கிராம். தங்கம் 4.00 கிராமுக்குத்தான் விலை. மொத்த எடைக்கும் தங்க விலை போட்டு, வைரத்துக்குத் தனியாகவும் விலை போட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் தருகிறீர்கள்.

2. வைரத்தின் கேரட் விலை. "கல்லுக்கு மொத்தமாக" என்று ஒரே தொகை எழுதியிருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

3. செய்கூலி, சேதாரம். வைர மோதிரத்தில் பேரத்துக்கு அதிகம் இடம் இருப்பது இங்கேதான்.

4. வைர நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம்.

5. இயற்கை வைரமா, ஆய்வக வைரமா என்ற சொல். வாய்மொழியாகச் சொன்னது பில்லில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்கு ஆதாரம் இல்லை.

6. திரும்ப வாங்கும் விதி. மாற்றிக்கொண்டால் எத்தனை சதவீதம், பணமாகக் கேட்டால் எத்தனை சதவீதம், அன்றைய விலைக்கா, வாங்கிய விலைக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழ் தொலைந்தால் கழிவு உண்டா என்றும் கேளுங்கள்.

7. அறிக்கை எண். ஆய்வகத்தின் பெயரோடு முழு எண்ணும் பில்லில் அச்சாகியிருக்க வேண்டும்.

சான்றிதழையும் பில்லையும் மோதிரத்தோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், திருட்டுப் போனால் மூன்றும் சேர்ந்து போகும். இரண்டையும் படமெடுத்து வீட்டில் இன்னொருவரின் கைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள்.

மேலே உள்ள ஏழில் மற்ற ஆறுக்கும் கடைக்காரர் ஏதாவது சமாதானம் சொல்லலாம், நீங்களும் யோசித்து ஏற்கலாம். ஏழாவதில் மட்டும் இறங்கிப் போகாதீர்கள். அறிக்கை எண்ணைப் பில்லில் எழுதித் தர மறுக்கும் கடையில் வைரம் வாங்க வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, நாள் நெருங்கிவிட்டது என்றாலும் வேண்டாம். அன்றைக்கு ஒரு சாதாரணத் தங்க மோதிரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வைரத்தைக் கல்யாணத்துக்குள் நிதானமாகப் பார்த்து வாங்கலாம்.